தோளைத் தாண்டாத முடி

இரண்டு வருடம் என் முடி தோளிலேயே நின்றது. சுருட்டை முடி. சும்மா விட்டால் தோளைத் தொடும், இழுத்துப் பிடித்தால் முதுகுக்கு இறங்கும். பின்கழுத்திலிருந்து ஒரு சுருளைப் பிடித்து நீட்டி, தையல் டேப்பை வைத்து மாதாமாதம் அளப்பேன். 36 சென்டிமீட்டர். அடுத்த மாதமும் 36. அதற்கடுத்த மாதமும் அதேதான். இத்தனைக்கும் அந்த இரண்டு வருடத்தில் கத்தரிக்கோலைக் கிட்டவே விடவில்லை. நீளம் வேண்டும் என்று ஆசைப்படுகிறவள் போய் வெட்டிக்கொள்வாளா?

என்னென்னவோ காரணம் சொல்லிக்கொண்டேன். பரம்பரை, தண்ணீர், தூக்கமின்மை, ஷாம்பூ. ஷாம்பூவை மட்டும் நான்கு தடவை மாற்றினேன். கடைசியில் விஷயத்தைக் கண்டுபிடித்தது நானில்லை, அக்கா.

தலைக்குக் குளித்துவிட்டுச் சிக்கெடுத்து முடித்திருந்தேன். தரையில் கிடந்த முடியைக் கூட்டி அள்ள வந்தவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். "இங்க வாடி. இதெல்லாம் உதிர்ந்த முடியா? பாதிக்கு மேல துண்டு துண்டால்ல கிடக்கு" என்றாள். ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து அதன் மேல் பரப்பினாள். வேரோடு உதிர்ந்த முடி முழு நீளத்துக்கு இருக்கும். ஒரு முனையில் ஊசித்தலை அளவுகூட இல்லாத வெள்ளைக் குமிழ் ஒன்று இருக்கும். அந்த மாதிரி ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான், கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் தாளில் குமிழோடு கிடந்தவை கொஞ்சம். மற்றதெல்லாம் இரண்டு சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர் துண்டுகள். இரண்டு முனையிலும் குமிழ் கிடையாது. எல்லாம் ஒடிந்து விழுந்தவை.

"உன் முடி வளராம இல்ல. மேல வளருது, கீழ உடையுது. எப்படி நீளும்?"

ஒரு துண்டை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது. அதில் ஒரு கிளை மறுபடி இரண்டாகப் பிரிந்து, இலை உதிர்ந்த மரக்கிளை போல இருந்தது. அதற்குச் சற்று மேலே, உப்புத் துகள் ஒட்டினாற்போல் ஒரு வெள்ளைப் புள்ளி. பொடுகென்று நினைத்துத் தேய்த்தேன், வரவில்லை. லேசாக வளைத்தேன். சரியாக அந்தப் புள்ளியில் மடங்கி ஒடிந்துவிட்டது. இரண்டு வருடமாக ஓட்டை வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு குழாயைத் திட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் முடி என்பது என்ன என்று ஒழுங்காகப் படித்தேன். முடிக்கு உயிர் இருப்பது தலைத்தோலுக்குள் புதைந்திருக்கும் வேரில் மட்டும்தான். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கெராட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற நார். கையில் கீறல் பட்டால் ஆறிவிடும். முடி பிளந்தால் ஆறவே ஆறாது, ஏனென்றால் ஆற்றுவதற்கு அங்கே உயிரணு எதுவும் இல்லை. ஒவ்வொரு முடியின் மேலும் மெல்லிய செதில்கள், கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக, நுனியைப் பார்த்து அடுக்கியிருக்கும். வேரிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்கும், நுனியிலிருந்து மேலே ஓட்டினால் சொரசொரக்கும். காரணம் அந்த அடுக்குதான். சீப்பு, வெயில், சூடு, தலையணை உரசல் என்று நாள்பட நாள்பட ஓடு பெயர்ந்துவிடும். உள்ளே இருக்கும் நார், முறுக்கவிழ்ந்த கயிறு போலப் பிரிய ஆரம்பிக்கும். முனையைக் கட்டாத கயிறு எங்கே வந்து நிற்கும்? மேலே மேலே பிரிந்துகொண்டேதான் போகும்.

சுருட்டை முடிக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். நேரான முடியில் தலைத்தோலின் எண்ணெய்ப்பசை வழுக்கிக்கொண்டு கீழே இறங்கிவிடும். சுருளில் அது ஒவ்வொரு வளைவாக ஏறி இறங்க வேண்டும், நுனி வரை போய்ச் சேர்வதே இல்லை. போதாததற்கு ஒவ்வொரு வளைவும் ஒரு பலவீனமான இடம். பக்கத்துச் சுருளோடு பின்னிக்கொள்வது வேறு.

என்னை அதிர வைத்தது ஒரு சின்னக் கணக்கு. முடி சராசரியாக மாதத்துக்கு 1.25 சென்டிமீட்டர் வளரும், அதாவது வருடத்துக்கு 15. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். என் முடியின் நீளம் 36 என்றால் அதன் நுனிக்கு வயது கிட்டத்தட்ட இரண்டரை. நான் தினமும் ஸ்ட்ரெய்ட்னர் போட்டு முடியை நேராக்குவதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் வளர்ந்தது 30 சென்டிமீட்டர். அப்படியானால் கடைசி 6 சென்டிமீட்டர், சூடான தகட்டுக்கு நடுவே தினமும் வெந்த அதே முடி. பழக்கத்தைத்தான் விட்டிருந்தேன், அது கெடுத்து வைத்த முடியைப் பத்திரமாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். அந்த 6 சென்டிமீட்டரின் பிளவு மேலே ஏறி நல்ல முடியையும் உடைத்துக்கொண்டிருந்தது.

சரி, வெட்டிவிடலாம் என்று முடிவெடுத்தேன். இங்கேதான் முதல் தப்பு.

ஒரு பார்லருக்குப் போனேன். 6 சென்டிமீட்டர் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன், எப்படி வெட்டப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பெண் தலையை நன்றாக நனைத்து, சீப்பால் இழுத்துப் பிடித்து, கோடு போட்டாற்போல் நேராக வெட்டினார். அதன் பிறகு "வால்யூம் குறையட்டும்" என்று ஒரு பிளேடை எடுத்து நுனிகளைச் சீவிவிட்டார். ஈரத்தில் அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து காய்ந்ததும் பார்த்தால் வலது பக்கம் தாடைக்கு வந்துவிட்டது, இடது பக்கம் தோளில் கிடந்தது. என் தலையில் வலப்பக்கச் சுருள் இறுக்கமானது, இடப்பக்கம் தளர்வானது. ஈரத்தில் இரண்டும் ஒரே நீளம், காய்ந்தால் வெவ்வேறு நீளம். சுருட்டை முடிக்காரர்கள் பெரும்பாலோருக்கு இப்படித்தான் இருக்கும். பின்கழுத்தில் ஒரு மாதிரி, நெற்றிக்கு மேல் ஒரு மாதிரி. காய்ந்த முடியை, சுருள் எப்படி விழுகிறதோ அப்படியே வைத்து வெட்டச் சொல்லிக் கேட்பது தப்பே இல்லை. "எங்களுக்கு அப்படிப் பழக்கமில்லை" என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

பிளேடு வேலைதான் அதைவிட மோசம். சாய்வாகச் சீவிய நுனியில் முடியின் உட்புறம் நீளவாக்கில் திறந்துகொள்கிறது. இரண்டு மாதத்தில் அத்தனை நுனியும் பஞ்சு பஞ்சாகப் பறக்க ஆரம்பித்தது. அதை எடுக்க இன்னும் இரண்டு சென்டிமீட்டர் போயிற்று.

அந்தக் கோபத்தில் இனி நானே வெட்டிக்கொள்கிறேன் என்று இறங்கினேன். இரண்டாவது தப்பு. கையில் கிடைத்தது சமையலறைக் கத்தரிக்கோல். பால் கவர் வெட்டுகிற அதே கத்தரிக்கோல். ஒரு கற்றையைப் பிடித்து அழுத்தினேன், முடி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கி நழுவியது. மறுபடி அழுத்தினேன், மென்றது மாதிரி வெட்டியது. மழுங்கின அலகு முடியை நறுக்குவதில்லை, நசுக்கிப் பிய்க்கிறது. நசுங்கின இடத்தில் செதில்கள் பெயர்ந்துவிடும், அங்கேயே அடுத்த பிளவு தொடங்கும். பிளவை எடுக்கப் போய்ப் பிளவை நட்டுவிட்டு வந்த கதை. அப்புறம் முடி வெட்டுவதற்கென்றே உள்ள ஐந்தரை இன்ச் கத்தரிக்கோல் ஒன்று வாங்கினேன். அதை ஒரு துணியில் சுற்றி ஒளித்து வைத்திருக்கிறேன். வீட்டில் யாராவது அதில் செல்லோ டேப் வெட்டிவிட்டால் அத்தோடு போச்சு.

இப்போது நான் செய்வது இதுதான். தலைக்குக் குளித்து, சிக்கெடுத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவேன். பகல் வெளிச்சம் வேண்டும். குழல் விளக்கில் பிளவு கண்ணுக்குத் தெரியாது. வகிடெடுத்து இரண்டாக, ஒவ்வொன்றையும் நான்காகப் பிரித்து, எட்டுக் கற்றையையும் கிளிப் போட்டு ஒதுக்கிவிடுவேன். ஒரு கற்றையை அவிழ்த்து, அதிலிருந்து விரல் பருமனுக்கு ஒரு புரி எடுத்து, லேசாக முறுக்கிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேலிருந்து கீழாக மெதுவாக உருவுவேன். கண்ணை விட விரலுக்கு நன்றாகத் தெரியும். பாதி வரை உருண்டு திரண்டு வழுவழுவென்று வரும். நுனிக்குக் கிட்டப் போகப் போக ஓர் இடத்தில் சட்டென்று மெலிந்து, துடைப்பக் குச்சியைத் தொட்டாற்போல் சொரசொரக்கும். விரல் அங்கே நின்றுவிடும். அந்த இடத்துக்கு அரை சென்டிமீட்டர் மேலே, குறுக்காக ஒரே வெட்டு. பிளவு முடிகிற இடத்திலேயே வெட்டினால் போதாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் அதற்கு மேலேயும் கொஞ்சம் ஏறியிருக்கும், அதை விட்டுவைத்தால் மறு மாதமே திறந்துகொள்ளும்.

எல்லாப் புரியிலும் ஒரே அளவு வெட்ட வேண்டும் என்ற கட்டாயம் எனக்கில்லை. ஒன்றில் கால் இன்ச், ஒன்றில் முக்கால், சிலதில் ஒன்றுமே இல்லை. சுருட்டையில் அந்த வித்தியாசம் வெளியே தெரியாது. நேரான முடி உள்ளவர்கள் இப்படிச் செய்தால் எலி கடித்த மாதிரி இருக்கும். அவர்கள் ஈரத்தில் சீவி, ஒரே கோட்டில் வெட்டுவதுதான் நல்லது.

புரியை முறுக்கும்போது பக்கவாட்டில் முள் முள்ளாகச் சில முடிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு காலத்தில் அதையெல்லாம் உடைந்த முடி என்று நினைத்து வெறிபிடித்தாற்போல் வெட்டித் தள்ளினேன். பாதி, புதிதாக முளைத்து மேலே வந்துகொண்டிருந்த முடி. இப்போது ஒவ்வொன்றாக நுனியைப் பார்ப்பேன். நுனி ஊசி போலக் கூர்மையாக இருந்தால் அது புதுசு, விட்டுவிடுவேன். பிளந்தோ வெள்ளைப் புள்ளியோடோ இருந்தால் மட்டும் வெட்டு.

முடிச்சைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சுருட்டை முடியில் ஒற்றை முடி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கடுகைவிடச் சின்னதாக ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளும். யாரும் போடாத முடிச்சு. விரலுக்கு நெருடும். ஒருநாள் பொறுமையாகக் குண்டூசியை வைத்துப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரத்தில் மூன்று முடிச்சு பிரிந்தது, அதில் இரண்டு பிரிந்த இடத்திலேயே ஒடிந்தது. அத்தோடு அந்த முயற்சியைக் கைகழுவினேன். முடிச்சுக்குச் சற்று மேலே வெட்டிவிடுவதுதான் வழி. விட்டுவைத்தால் சீப்பு அதில் மாட்டி இழுத்து இன்னும் மேலே பிய்த்துக்கொண்டு வரும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை வெட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் தேதி சொல்வதில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு முறை என்று ஒரு கணக்கு எங்கும் புழங்குகிறது. ஆறு வாரத்தில் முடி வளர்வதே இரண்டு சென்டிமீட்டருக்குள்தான். ஒவ்வொரு முறையும் இரண்டு சென்டிமீட்டர் எடுத்தால் வாழ்நாள் முழுக்க அதே நீளத்தில் நிற்கலாம். குட்டை முடியை வடிவம் கலையாமல் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தும், நீளம் வேண்டுபவர்களுக்கு ஏன்? நான் முடியைத்தான் கேட்கிறேன். மேலெல்லாம் சிக்கில்லாமல் வந்து நுனியில் மட்டும் சீப்பு நிற்கிறதா? சிக்கெடுக்கும்போது பட்பட்டென்று சின்னச் சத்தம் வருகிறதா? சடை பின்னினால் கடைசி நாலு விரற்கடை மட்டும் எலிவால் மாதிரி மெலிகிறதா? வெள்ளைத் தாளில் துண்டு முடி அதிகமாகிறதா? இதில் இரண்டுக்கு ஆமாம் என்றால் நேரம் வந்துவிட்டது. எனக்கு அது பெரும்பாலும் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. நான்கு மாதத்தில் வளர்வது 5 சென்டிமீட்டர், வெட்டுவது ஒன்றிலிருந்து ஒன்றரை. மீதி என்னுடையது. ஒருமுறை சோம்பேறித்தனத்தில் எட்டு மாதம் தள்ளிப்போட்டேன், மூன்றரை போயிற்று.

வெட்டினால் வேகமாக வளரும் என்று அம்மா இன்னமும் நம்புகிறாள். "பாத்தியா, வெட்டுனதும் எப்படி வளருது" என்பாள். நான் வாதாடுவதில்லை. நுனியில் என்ன நடக்கிறதென்று வேருக்குத் தெரியாது, தெரிவதற்கு வழியும் இல்லை. வளர்கிற வேகம் மாறவில்லை, உடைவதுதான் நின்றது. மெலிந்த நுனி போய்விடுவதால் அடர்த்தி கூடினாற்போலும் தெரியும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முடி இரண்டு முதல் ஏழு வருடம் வரை வளர்ந்து, பிறகு ஓய்வெடுத்து, உதிர்ந்துவிடும். அந்த வருடக் கணக்கு பிறப்பிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எல்லோருக்கும் முழங்கால் வரை வராது.

பிளவை ஒட்டிவிடும் என்று விற்கிற சீரம்களையும் வாங்கிப் பார்த்தேன். ஒட்டத்தான் செய்கிறது, அடுத்த தலைக்குளியல் வரை. விசேஷத்துக்குப் போகிற நாளில் பளபளப்புக்கு வைத்துக்கொள்ளலாம். வெட்டுவதற்கு மாற்றாக நினைத்தால் பணம்தான் வீண்.

மற்றபடி, வெட்டுகிற அளவைக் குறைக்க உதவியவை சில சாதாரண விஷயங்கள். சுருட்டையைக் காய்ந்த நிலையில் சீவுவதை விட்டேன். கண்டிஷனர் போட்டு, வழுக்கும்போது, அகலப்பல் சீப்பால் நுனியில் தொடங்கி மேலே மேலே போவேன். ஈர முடி எளிதில் நீண்டு அறுந்துவிடும் என்பதால் அப்போதும் இழுப்பதில்லை. டவலால் தேய்ப்பதற்குப் பதில் பழைய பருத்திப் பனியனால் ஒற்றி எடுக்கிறேன். தலைக்குக் குளிப்பதற்கு முந்தின இரவு நுனிகளுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய். மற்றப் பல எண்ணெய்களைப் போல மேலேயே நிற்காமல் முடிக்குள் ஊடுருவுவதால், குளிக்கும்போது புரதம் இழப்பதை அது குறைக்கிறது. இரவில் தளர்வாக ஒரு பின்னல், சாட்டின் தலையணை உறை. ஸ்ட்ரெய்ட்னர் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. யாருக்காவது கொடுக்கலாமென்றால் மனசாட்சி உறுத்துகிறது.

இன்னொன்று. தாளில் பரப்பிப் பார்க்கும்போது குமிழோடு கிடப்பவை திடீரென்று கொத்துக் கொத்தாகக் கூடினாலோ, தலையில் எங்காவது சொட்டையாகத் தெரிந்தாலோ, முடி வேருக்குப் பக்கத்திலேயே ஒடிந்தாலோ, அது நுனிப் பிரச்சினை இல்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

பார்லர் கூத்து நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. 30 சென்டிமீட்டரில் தொடங்கினேன். பிளேடும் சமையலறைக் கத்தரிக்கோலும் செய்து வைத்ததையும் சேர்த்து மொத்தம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வெட்டியிருப்பேன். போன வாரம் டேப் வைத்தேன், 46.

அதை அக்காவிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லாமல் போனவள், கொஞ்ச நேரத்தில் தோளில் டவலைப் போர்த்திக்கொண்டு, ஈரத் தலையோடு முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நேரான முடி, இடுப்பு வரை. நான்கைந்து வருடமாக யாரையும் தொடவிடாதவள். "அரை இன்ச்தான். அதுக்கு மேல போச்சுன்னா பாத்துக்கோ" என்றாள். நுனியைச் சீவி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். அரை இன்ச்சில் முடிகிற காரியமாகத் தெரியவில்லை. சொல்லவா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் அவள் மூன்றாவது தடவையாகத் திரும்பிவிட்டாள்.

"அக்கா, ஆடாம இரு."